மஞ்சள் பலகையில் சீன எழுத்து

ஆலையில் மொழிபெயர்ப்பாளனுக்கு வாய்தான் வேலை. எதற்கு வாயைத் திறக்கலாம் என்பதை மட்டும் வேறு ஒருவர் முடிவு செய்வார். 2005 வாக்கில் கும்மிடிப்பூண்டியில், தகடு அழுத்தும் ஓர் ஆலையில் நான் பட்ட பாடு இது. உங்களில் சிலருக்கும் இப்படி ஒரு மேனேஜர் வாய்த்திருப்பார்.

இரண்டு கதவு

தைவானிலிருந்து பழைய பிரஸ் ஒன்று வந்து இறங்கியது. நான் டெல்லியில் படித்தது எளிமையாக்கிய சீன எழுத்து. மெஷினில் இருந்ததோ கோடுகள் நெருக்கியடிக்கும் பழைய எழுத்து. அகராதியும் கையுமாக உட்கார்ந்தேன். ஓட்டும் பொத்தானில் 開, நிறுத்தும் பொத்தானில் 關. இரண்டுக்கும் வெளிச்சட்டம் ஒன்றே, கதவு என்று பொருள். காய், குவான் என்று உச்சரிப்பையும் சொல்லிக் கொடுத்தேன். ஆபரேட்டர் முனுசாமி காதிலேயே வாங்கவில்லை. "பேரெல்லாம் வோணாம் சார். இது தொறந்த கதவு, அது தாப்பா போட்ட கதவு. அவ்ளோதான்."

பொட்டு வைத்த பலகை

பிரஸ்ஸின் வாய்க்கு மேலே ஒரு மஞ்சள் பலகை: 危險. 'வெய்ஷியென்', ஆபத்து. ஓடும்போது கையை விட்டால் நசுங்கும் என்று கீழே ஒரு வரி. ஆயுத பூஜையன்று போய்ப் பார்த்தால் பலகை முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம். ஏதோ சீனத்து சாமியின் மந்திரம் என்று நினைத்துவிட்டார்கள். துடைத்துவிட்டு அர்த்தத்தைச் சொன்னேன். முனுசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. "இத்தினி நாளா இதையா சார் கும்புட்டுகினு இருந்தோம்?"

தமிழில் வேண்டாம்

அந்த வரியைத் தமிழில் எழுதி, ஒட்டலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். கான்ட்ராக்ட் ஆட்கள் வாரத்துக்கு வாரம் மாறுகிறார்கள், ஒவ்வொருவரையும் பிடித்து நான் வாயால் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றேன். தாளைத் திருப்பித் தந்தார். "தமிழ்ல ஒட்டினா எவன்யா கிட்ட வருவான்? அது சைனீஸ்லயே இருக்கட்டும்."

விசாரணை

நான் விடுப்பில் இருந்தபோது, அத்திப்பட்டிலிருந்து புதிதாக வந்த தேவராஜ், சிக்கிய தகட்டை எடுக்கக் கையை விட்டிருக்கிறார். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். விசாரிக்க அதிகாரி வந்ததும், மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பலகையைப் படிக்கச் சொன்னார். படித்தேன். பொருள் சொன்னேன். தமிழில் ஒட்ட விடவில்லை என்பதையும் சொன்னேன். கடைசியில் சொன்னது மட்டும் அதிகாரியின் காதில் விழவில்லை. "எச்சரிக்கை இருந்திருக்கு. ஆள்தான் கவனிக்கல."

ஆஸ்பத்திரியில்

தேவராஜுக்கு அவர் மனைவி டீயை ஆற்றிப் புகட்டிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் தேவராஜ் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இடது கையால் காற்றில் ஒரு சதுரம் போட்டுக் காட்டினார். "அந்த மஞ்சா போர்டுல இன்னா சார் எழுதியிருந்துச்சி? வந்த அன்னிக்கே கேக்கலாம்னு இருந்தேன், நீங்க லீவுன்னாங்க."

அடுத்த வாரம் மேனேஜரே கேட்டு வாங்கி, அந்த வரியைத் தமிழில் பெயின்ட் அடித்து மாட்டினார். அந்த ஆலையில் ஒரு வரி மொழிபெயர்ப்புக்கு விலை நான்கு விரல்.