கண்ணாடி அறைக்குள் அதிபர்

அவளை எல்லோரும் முடிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை எழுதுவது அவள் பிழைப்பு. செத்தவன் திரும்பி வர வேண்டுமா, நேற்றுவரை அண்ணனாக இருந்தவன் இன்றைக்கு எதிரியாக வேண்டுமா, கதையில் எந்த முடிச்சாக இருந்தாலும் கதை அறையின் மூலை நாற்காலியில் கால் மடித்து உட்கார்ந்து பிரித்துவிடுவாள். அப்படி வந்த பெயர். கோபம் வந்தால் மட்டும் பிரிக்க மாட்டாள், இன்னும் இறுக்கி உள்ளே வைத்துக்கொள்வாள். இது அவள் புருஷனுக்கு மட்டுமே தெரியும்.

நாலு வருஷமாக ஓடிய அந்த விண்வெளித் தொடர் அவள் எழுதியது. பூமி அழிந்து, மிஞ்சிய ஜனங்கள் ஒரு பெரிய கப்பலில் நட்சத்திரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கிறார்கள். காற்று தயாரிக்கும் இயந்திரம் மேல் தளத்தில் இருக்கிறது. கீழ்த்தளத்து ஆட்களுக்கு மூச்சை அளந்துதான் விடுவார்கள். எதிர்த்துப் பேசினால் அளவு குறையும். மேல் தளத்தை ஆளும் அதிபராக நடித்தவர், தொடரைத் தயாரித்த முதலாளியே. காற்றுக்குழாய் பழுது பார்த்துக்கொண்டே கீழ்த்தளத்தை ஒன்று சேர்க்கும் குழாய்க்காரனாக நடித்தவர் முடிச்சக்காவின் புருஷன். குழாய்க்காரன் வாய் திறந்தால் வீடுகளில் ஜனங்கள் தட்டோடு வந்து டிவி முன்னால் உட்காருவார்கள். அது முதலாளிக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை.

ஒருநாள் படப்பிடிப்பில் விளக்குக் கட்ட மேலே ஏறிய லைட்மேன் தவறி விழுந்தார். அங்கே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. இடுப்பெலும்பு நொறுங்கிப் போனது. "கவனமில்லாம ஏறிட்டான், என்ன பண்றது" என்று முதலாளி பத்திரிகைக்காரர்களிடம் கையை விரித்தார். வேஷத்தைக்கூடக் கலைக்காமல் பக்கத்தில் நின்ற புருஷன், "இல்லீங்க. கம்பி போடச் சொல்லி நாங்க எத்தனையோ தடவை கேட்டோம். சார்தான் காதுல வாங்கலை" என்றார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான்.

மறுநாள் முதலாளி கதை அறைக்கு வந்தார்.

"குழாய்க்காரன் கதையை முடிச்சிரும்மா."

"கொன்னுடவா சார்?"

"செத்தா தியாகி ஆயிருவான். மேல் தளத்துல ஜன்னல் வச்ச ஒரு ரூமுக்கு ஆசைப்பட்டு அவன் தன் ஆளுங்களையே காட்டிக் கொடுக்கணும். ஊரே காறித் துப்பணும். வேற யாரும் வேண்டாம், நீயே எழுது."

வீட்டுக்கு வந்து, வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னாள். புருஷன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "நீ விட்டா வேற எவனாவது இதைவிடக் கேவலமா எழுதுவான். நீ எழுதினா எனக்கு வசனமாவது நல்லா இருக்கும்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

எழுதினாள். ஜனங்கள் நம்பினார்கள். சலூன்காரர் ஒரு கன்னத்தை மழித்துவிட்டு, "நம்ம ஆளுங்களையே வித்துட்டீங்களே சார்" என்று கத்தியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். சிலிண்டர் கொண்டு வருகிறவர் மாடி ஏற மறுத்து, வாசலிலேயே உருட்டிவிட்டுப் போனார். துரோகி முகம் கொண்டவருக்கு வேறு வேஷம் தர யாருக்கும் தைரியமில்லை. ஆஸ்பத்திரி இயந்திரங்களுக்குக் குரல் கொடுக்கும் வேலைதான் கிடைத்தது. கீழ்த்தளத்தைக் கிளர்ந்தெழ வைத்த அந்தக் குரல், "அடுத்த டோக்கன், மூன்றாம் எண் அறைக்குச் செல்லவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம்கூட முடிச்சக்கா பொறுத்துக்கொண்டாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் மாமியார் மகனைப் பார்த்து, "நெசமாவே அந்த ஜனங்களை எதுக்குடா காட்டிக் கொடுத்தே?" என்று கேட்டாள். பெற்ற தாய். கேட்டுவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். புருஷன் தட்டைத் தள்ளாமல், தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தார். முதலாளியைச் சும்மா விடக் கூடாது என்று முடிச்சக்கா தீர்மானித்தது அப்போதுதான்.

மறுநாளிலிருந்து முதலாளி கேட்டதற்கெல்லாம் "ஆகட்டும் சார்" என்றாள். அதிபர் சும்மா பேசிக்கொண்டே இருக்கிறார், அதிகாரத்தைக் காட்ட வேண்டாமா என்றார் அவர். சபையைக் கலைத்தாள். காவலர்கள் கையில் எதற்குச் சாவி என்றார். சாவிகளைப் பிடுங்கி, அதிபரின் உள்ளங்கை பட்டால் மட்டுமே கதவுகள் திறக்கும்படி செய்தாள். கீழ்த்தளத்தான் சும்மா சும்மா அபாயமணி அடிக்கிறானே என்றார். மணியின் கம்பியை அறுத்தாள். எதிர்ப்பவர்களை அடைக்க, கப்பலின் விளிம்பில் ஒரு கண்ணாடி அறை கட்டினாள்.

"உள்ள போனவன் வெளிய வரவே கூடாதும்மா."

"அப்ப உள்பக்கம் கைரேகைத் தகடே வேண்டாம் சார். வெளிப்பக்கம் மட்டும் போதும்."

"பிரமாதம்!" என்றார் முதலாளி. தன் வசனத்தைத் தவிர வேறு எதையும் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அப்புறம் அவருக்கு ஓர் ஆசை வந்தது. நட்சத்திரங்களைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு வெற்றி உரை ஆற்ற வேண்டும். அதற்கு அந்தக் கண்ணாடி அறையைவிட நல்ல இடம் ஏது? எழுதிக் கொடுத்தாள். இரண்டு பக்க உரை. அதிபர் தனியாக உள்ளே போய்ப் பேசுகிறார், கதவு தானாக மூடிக்கொள்கிறது, எங்கோ காற்று கசியும் சத்தம் கேட்கிறது. அந்த வாரம் அங்கே நின்றது. ஒளிபரப்பும் ஆகிவிட்டது. ஊரெல்லாம் ஒரே பேச்சு.

முதலாளி வாயெல்லாம் பல்லாக வந்தார். "அடுத்த வாரம் நான் எப்படிம்மா வெளிய வர்றேன்?"

"நீங்களே சொல்லுங்க சார். எனக்குத் தெரியலை."

நாலு வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது.

வேறு இரண்டு எழுத்தாளர்களைக் கூட்டி வந்தார். காவலன் திறக்கட்டும் என்றார் ஒருவர். சாவிதான் இல்லையே, கதவைத் திறக்கும் உள்ளங்கையும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறதே. சபை கூடி உத்தரவு போடட்டும் என்றார் இன்னொருவர். சபையைத்தான் கலைத்தாயிற்றே. மணி அடித்தால்? கம்பி இல்லை. எல்லாவற்றையும் கனவாக்கிவிடலாம் என்றபோது, பார்க்கிறவன் வீடு தேடி வந்து அடிப்பான் என்று முதலாளியே சொன்னார். கடைசியில் அவர்களில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டே, "குழாய்க்காரனுக்கு எல்லாக் குழாயும் தெரியுமே. அவன் செத்த மாதிரி காட்டவே இல்லையே" என்றார். மூலை நாற்காலியில் முடிச்சக்கா நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வழியை மட்டும் அவள் வேண்டுமென்றே அடைக்காமல் வைத்திருந்தாள்.

முதலாளி அவர்கள் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

"பழசை எல்லாம் மறந்துருப்பா. நீ வந்து என்னை வெளிய எடுக்கணும். ஹீரோவா திரும்பி வர்றே."

புருஷன் அவருக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். பிறகு, "மாட்டேன் சார்" என்றார்.

"என்னப்பா, நான் இவ்வளவு இறங்கி வந்து கேக்குறேன்..."

"உங்களைக் காப்பாத்துற வேஷம் எனக்கு வேண்டாம் சார். எனக்கு டோக்கன் வேலை இருக்கு."

முதலாளி கும்பிட்ட கையோடு நின்றார். சமையலறை வாசலிலிருந்து முடிச்சக்கா கண் கொட்டாமல் பார்த்தாள். இதைப் பார்ப்பதற்காகத்தானே இத்தனை மாதம் கை வலிக்க எழுதினாள்.

இனி அதிபர் சாக வேண்டியதுதான். கடைசிப் பேச்சை அவள் எழுதினாள். காற்றுத் தீரும் முன் அதிபர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஜனங்களிடம் உண்மையைச் சொல்கிறார்: குழாய்க்காரன் யாரையும் விற்கவில்லை, நான்தான் பொய்க் கதை கட்டினேன். அதைப் படித்ததும் முதலாளி காகிதத்தை விசிறி எறிந்தார். ஆனால் நாள் இல்லை, வேறு முடிவும் இல்லை. குனிந்து அவரே பொறுக்கிக்கொண்டார்.

கண்ணாடி அறையை உயரமான மேடையில் போட்டிருந்தார்கள். மேலே ஏறிய முதலாளி கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "பிடிச்சுக்க ஒரு கம்பி போடுங்கப்பா" என்றார். உடனே போட்டார்கள். போட்டது, விழுந்தவரோடு வேலை பார்த்த லைட்மேன்கள்.

ஒளிபரப்பான மறுநாள் சலூன்காரர் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். சிலிண்டர் மாடிவரை ஏறியது. ஆனால் முடிச்சக்கா கணக்கில் வைக்காத ஒன்றும் நடந்தது. அந்தக் கடைசிக் காட்சியில் முதலாளி உயிரைக் கொடுத்து நடித்துவிட்டார். கண்ணாடியில் கன்னத்தை ஒட்டி, மூச்சுக்குத் தவித்து, "நான்தான் பொய் சொன்னேன்" என்று அவர் சொன்னபோது ஊரே அழுதது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம்டி, எப்படித் துடிக்கிறான் பாரு" என்றாள். முடிச்சக்கா எழுந்துபோய் டிவியை அணைத்தாள்.

"விடு. என் பேரு சுத்தமாயிருச்சுல்ல" என்றார் புருஷன்.

"உங்க பேரு சுத்தமாச்சு. அந்தாளைப் பாவம்னு சொல்றாங்களே!"

அந்த வாரமே முதலாளியிடமிருந்து போன் வந்தது. பாராட்டு மழையில் அவர் பழசையெல்லாம் கழுவிவிட்டிருந்தார். "விருது நிச்சயம்னு பேசிக்கிறாங்கம்மா. அடுத்த தொடருக்கும் நீதான் எழுதணும். இன்னும் பெரிய அதிபரா என்னைக் காட்டணும்."

முடிச்சக்கா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். ஜனங்களை அழவிட்டது தன் தப்பு என்று அவளுக்குப் புரிந்திருந்தது. அழ வைத்தால் மன்னித்துவிடுகிறார்கள்.

"ஆகட்டும் சார்" என்றாள். "இந்தத் தடவை கொஞ்சம் காமெடியா பண்ணலாமா?"