சாமி வேண்டாம் என்ற மரம்

எங்கள் முனியப்பன் கோயிலில் மண்டபம் கட்ட, கொக்குகள் கூடு கட்டியிருந்த புளியமரத்தை வெட்டலாமா என்று சாமியிடம் பூ கேட்டார்கள். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம். சிவப்பு வந்தது.

"இன்னொருக்கா கேளுங்க" என்றார் பெரியப்பா.

"வெள்ளை வர்ற வரைக்கும் கேப்பீங்களா?" என்றேன்.

அறைந்தார். உதடு கிழிந்தது. "காலேஜ் போயிட்டு வந்து சாமிக்கு வக்கீலா நிக்கிறியா? ரம்பத்தப் போடுங்கப்பா!"

முதல் கிளை விழுந்தது. சிதறிய குஞ்சுகளை மிதித்தபடியே ஆட்கள் கிளையை இழுத்தார்கள். அடுத்த கிளைக்கு நேர்கீழே போய் நின்றேன்.

ரம்பக்காரர் சேலத்துக் கிறிஸ்தவர். இயந்திரத்தை அணைத்தார். "நான் வேற சாமி கும்பிடறவனுங்க. உங்க சாமி வேண்டாம்னு சொன்ன மரத்த வெட்ட மாட்டனுங்க."

அவரையும் அடித்து விரட்டினார்கள். பிறகு வெட்ட யாரும் துணியவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். சாமியை எதிர்த்துப் பேசுவதே படிப்பு என்று பெருமைப்பட்டிருந்தேன். இப்போது சாமிக்காக அடி வாங்கியதைத்தான் பெருமையாகச் சொல்கிறேன்.