அப்பாவைக் கிடத்த ஒரு வீடு

இனி வைத்தியம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எந்த வீட்டில் என்று அவர்கள் கேட்கவில்லை.

அப்பா உழைத்த காலமெல்லாம் மலையில் ஏலத்தோட்டத்து லயத்தில், தோட்டத்தார் கொடுத்த வரிசை வீட்டில், இருந்தவர். அங்கே வேலை நின்ற அன்று சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட வேண்டியதுதான். ராசிங்காபுரத்தில் தாத்தாவின் வீட்டைப் பங்கு வைத்து விற்று எத்தனையோ காலமாகிறது. அப்பா, அம்மா, நான் மூவரும் போடியில் ஒரு மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்கார அக்கா.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவர் ஒரு தூக்கில் கஞ்சியோடு மேலே ஏறி வந்தார். அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்தார். என்னை வாசலுக்கு அழைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"தையில மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். பந்தக்கால் ஊனப்போற வீட்டுல ஒண்ணு ஆயிருச்சுன்னா மாப்ள வீட்டுல என்ன சொல்லுவாக? நீயே சொல்லு ஆத்தா. அதோட, இந்தப் படியில கட்டில் திரும்பாது."

சண்டை போடவாவது ஒரு கெட்டவள் வாய்த்திருக்கலாம். அவர் கொண்டுவந்த கஞ்சியைத்தான் அன்றைக்கு அப்பா குடித்தார்.

மறுநாளே புரோக்கரோடு வேறு வீடு தேடிக் கிளம்பினேன். இத்தனை வருஷம் குடியிருந்த ஊரை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் பழைய தெருக்களில் வீடுகள் நீளம் நீளமாகப் போகும். ஒரே வீட்டைக் குறுக்குச் சுவர் வைத்துத் தடுத்து நாலைந்து குடும்பங்களை அடைத்திருப்பார்கள். கடைசிப் போர்ஷனில் சாவு விழுந்தால் அத்தனை பேர் அடுப்படியையும் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். ஸ்டேஷன் பக்கம் புதிதாகக் கட்டிய மாடி வீடுகளில் டைல்ஸ் பளபளக்கிறது, படிதான் ஓராள் அகலம். அங்கே ஒருவர் முதலில் நாங்கள் என்ன ஆட்கள் என்று கேட்டார். பிறகு கறி மீன் சமைப்போமா என்று கேட்டார். கடைசியாக, வீட்டில் முடியாதவர்கள் யாரும் உண்டா என்றார். உண்டு என்றதும் வீட்டையே வாடகைக்கு விடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். முந்தல் ரோட்டுக் காலனியில் ஒரு அம்மா மனசார "வாங்க" என்றது. அதன் மகன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டது.

"பெரியவருக்குக் காய்ச்சல்னு மட்டும் சொல்லுங்க தங்கச்சி. உள்ள போயிட்டா யாரு வெளிய தள்ளப்போறா?" என்றார் புரோக்கர்.

"தள்ளுனா? மறுபடியும் எங்கப்பாவத் தூக்கிட்டு அலைய என்னால ஆகாதுண்ணே."

எல்லோரும் வெளிச்சம் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று வீடு பார்ப்பார்கள். நான் வாசலின் அகலத்தைப் பார்த்தேன். ஐஸ் பெட்டி உள்ளே நுழையுமா, தெருவில் ஒரு சாமியானா போட இடம் உண்டா என்று பார்த்தேன். அடுத்த அறையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் மனிதரை மனசுக்குள் எத்தனை வீட்டில் கிடத்திப் பார்த்திருப்பேன்! என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

கடைசியில் தேவாரம் ரோட்டில் கடலைக்காட்டைப் பிளாட் போட்டு விற்ற இடத்தில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. கடைசி வரிசை. புரோக்கர் அதைக் காட்டவே யோசித்தார். "போன வருசம் ஒரு சின்ன வயசுப் பொண்ணு அந்த வீட்டுல செத்துப்போச்சு. அதுலருந்து ஆளு அண்டல."

வீட்டுக்காரர் திருப்பூரில் இருந்தார். போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வரட்டும். இதுக்கு மேல அந்த வீட்டுக்கு என்ன கெட்டபேரு வரப்போகுது?" என்றார். தரைத்தளம், இரட்டைக் கதவு, பெரிய கூடம். வேலை கிடைத்த சேதி சொல்வதுபோல ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவை இறக்க ஏலக்காய் குடோனிலிருந்து இரண்டு லோடுமேன்களைக் கூப்பிட்டோம். பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்துத் துண்டால் இடுப்பைச் சேர்த்துக் கட்டினார்கள். படி திரும்பும் இடத்தில் சேர் சுவரில் இடித்தது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் உசுரோடதான் இருக்கேன், கொஞ்சம் பதனமா எறக்குங்கப்பா, சேரு ஆடுது" என்றார். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாங்கள் மறைக்க நினைத்தது எல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வீட்டுக்கார அக்கா வெளியே வரவில்லை.

புது வீட்டில் அம்மா முறைப்படி பால் காய்ச்சினாள். ஒரு ஸ்பூன் பாலை அப்பா வாயில் விட்டாள். அவர் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இங்கருந்து கெளம்பச் சொல்லுவாகளா?"

"சொல்ல மாட்டாகப்பா."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"அப்ப மதி."

போதும் என்பதற்கு மலையில் மலையாளத்துக்காரர்களிடம் பழகி ஒட்டிக்கொண்ட சொல் அது.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில், அம்மா வாசல் தெளித்துவிட்டு உள்ளே வந்தபோது மூச்சு நின்றிருந்தது. அம்மா போட்ட சத்தத்தில் ஓடிவந்து அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். நல்லவேளை, இங்கே வந்த பிறகு போனார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. தகப்பன் செத்த நேரத்தில் பெற்ற மகளை முதலில் நிம்மதிப்பட வைத்துவிட்டது இந்த ஊர். அதைத்தான் என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.