மாத்திரையும் சூரை மீனும்

சாப்பிடும்போது யாருக்காவது காது சிவந்தால் இப்போதும் எனக்கு இருப்புக் கொள்ளாது. எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வருவேன், முகத்தை உற்று உற்றுப் பார்ப்பேன், திட்டும் வாங்குவேன். எல்லாம் என் அக்கா வீட்டுக்காரரால் வந்த வினை. ஊரப்பாக்கத்தில் அவர்களோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது மாமாவின் காது மடல் குங்குமமாய்ச் சிவந்தது. பிறகு கழுத்து, மார்பு. தலை வெடிக்கிறது என்றார். நெஞ்சு படபடவென்று அடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. அதே மீன் குழம்பைச் சாப்பிட்ட எனக்கும் அக்காவுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மாமா திருமுடிவாக்கத்தில் வெல்டர். காசநோய் என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்திருந்த நேரம் அது. ஆள் பாதியாகியிருந்தார். சத்தாகப் போட்டே தேற்றிவிடுவது என்று அக்கா கங்கணம் கட்டிக்கொண்டாள். துணிக்கடை வேலை முடிந்து, தாம்பரத்தில் ரயில் ஏறும் முன் சூரை மீன் வாங்குவாள். காலையில் வந்து சாயங்காலம் வரை ஐஸ் இல்லாமல் கிடந்த மீன். நாற்றம் ஒன்றும் இருக்காது, பார்வைக்கும் நன்றாகத்தான் இருக்கும். "எல்லாம் மாத்திர சூடுய்யா, நல்லா துன்னா சரியாப் பூடும்" என்று இன்னும் இரண்டு துண்டு வைப்பாள்.

அடுத்த முறையும் அதே கதைதான். அப்புறம் என்ன மாயமோ, மீன் சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகவில்லை. மாத்திரை உடம்புக்குப் பழகிவிட்டது என்று அக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். காலையில் கிளம்பும்போதே "இன்னிக்கு மீனு வாங்கியாறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுப் போவாள். ஒருநாள் சொல்லாமல் வாங்கி வந்தாள். அன்று மாமா சாப்பாட்டுத் தட்டின் மேலேயே மயங்கிச் சரிந்தார். ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா கதறிக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் கேட்டதே என்ன சாப்பிட்டார் என்றுதான். ஐஸ் காணாத சூரை மீனில் ஹிஸ்டமின் என்ற அமீன் வகை நச்சு சேர்ந்துவிடும், கொதிக்க வைத்தாலும் போகாது என்றார். நம் குடலிலும் ஈரலிலும் இருக்கும் நொதிகள் அதை உடைத்து, வேறு பொருளாக்கி, சிறுநீரில் வெளியே தள்ளிவிடும். மாமா போடும் மாத்திரையோ அந்த நொதிகளின் கையைக் கட்டிவிடுகிறது. உடையாத அமீன் நேரே ரத்தத்தில் கலந்துவிடுகிறது.

"அப்ப நடுவுல மட்டும் ஏன் மேடம் ஒண்ணும் ஆகல?" என்று கேட்டேன்.

மயக்கம் தெளிந்து உட்கார்ந்திருந்த மாமா தலையைக் குனிந்துகொண்டார். "மீனு வாங்கியாறேன்னு இவ சொல்ற அன்னிக்கு மாத்திர போடல மச்சான். அத்தப் போட்டாத்தானே பேஜாரு? மீனு வோணாம்னா இவ மூஞ்சி வாடிப்பூடும்."

டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. விட்டு விட்டுப் போட்டால் கிருமி மாத்திரைக்கு அடங்காமல் போய்விடும் என்று சொல்லி, சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும் வரை வீட்டில் ஒருவருக்கும் ஒழுங்கான தூக்கமில்லை. நான் மாடிக்கும் வாசலுக்குமாய் அலைந்தேன். அக்கா மாமாவோடு பேசவே இல்லை. காலையில் மாத்திரையை அவர் வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

நல்ல வேளை, மாத்திரை இன்னும் கேட்கும் என்று முடிவு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ரயிலிலும் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊரப்பாக்கத்தில் இறங்கியதும், பிளாட்பாரத்தில் அத்தனை பேர் நடுவில், அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"யோவ், வோணாம்னா வோணாம்னு சொல்லு. என் மூஞ்சி வாடுனா வாடிட்டுப் போவுது. நீ இருக்கணும்யா எனக்கு."