காலிப் பக்கம் இல்லாத பாஸ்போர்ட்

நான் மஸ்கட்டில் நர்ஸ். கணவர் அதே ஊரில் ரூவி பகுதியில் ஏசி மெக்கானிக். லீவு கிடைத்தால் தூத்துக்குடிக்குத்தான் போவோம். ஒருமுறை மகள் எரிமலை பார்க்க ஆசைப்பட்டதால், நெட் சென்டரில் தேடி கோஸ்டாரிகா போக முடிவெடுத்தோம்.

எங்கள் பாஸ்போர்ட்டுகள் கம்பெனி லாக்கரில் இருந்தன. கையில் முதல் பக்க நகல் மட்டும்தான். அதை வைத்தே எல்லாத் திட்டமும் போட்டேன். டிக்கெட் எடுக்கப் போன அன்று காலையில்தான் பாஸ்போர்ட்டுகள் கைக்கு வந்தன. டிராவல்ஸ் தம்பி என் கணவருடையதைப் புரட்டிவிட்டு, "அண்ணே, விசா ஒட்ட ஒரு பக்கங்கூட இல்லியே?" என்றார்.

உதிரிபாகம் வாங்க வாரம் ஒருமுறை கம்பெனியில் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு துபாய் போய், வந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுகிறவர் அவர். பார்டரில் குத்திய சீல்களே புத்தகம் முழுக்க.

"அப்பல்லாம் கையிலதான இருந்துச்சு, ஒரு தடவ பாக்கக் கூடாதாங்க?" என்று கடையிலேயே கத்தினேன்.

"சீல் குத்துனதும் வாங்கி வண்டில போடுவேன். பக்கத்த யாரு எண்ணுனா?" என்றார்.

டிக்கெட் எடுக்காததால் தப்பித்தோம். ஆனால் புதுப் பாஸ்போர்ட் வருவதற்குள் லீவு முடிந்துவிட்டது. மறுவருடம்தான் போக முடிந்தது.

இப்போதெல்லாம் லீவுக்கு எழுதிக் கொடுக்கும் முன்பே பாஸ்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கி, எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்துவிடுகிறேன். முதல் தடவை, "வெறும் பக்கத்தையுமாக்கா?" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சிரித்தார்.

"அந்த வெறும் பக்கத்துக்குத்தான் தம்பி ஒரு வருசம் காத்துக் கெடந்தோம், எடுங்க" என்றேன்.