உயிரைக் குறைக்கும் வரி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். உங்களை நம்பவைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். இந்த ஜூலையில், தாராவியில், எங்கள் வீட்டில், பட்டப்பகலில்.

என் தங்கை மாரிசெல்விக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. படுத்த படுக்கை. என் பழைய லேப்டாப்பில் இருந்த ஒரு ஜாவா விளையாட்டுதான் அவளுக்குத் துணை. மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் ஓடிக்கொண்டே பள்ளங்களைத் தாண்டுவாள். மூன்று உயிர். மூன்று முறை விழுந்தால் ஆட்டம் முடிந்தது.

"அண்ணே, கை நடுங்குது. சட்டு சட்டுன்னு செத்துப்போறேன். சாகாத மாதிரி மாத்திக் குடேன்."

"அதுக்கென்ன, ஏக் மினிட்."

நான் தாணேயில் ஒரு கம்பெனியில் ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறவன். விளையாட்டின் கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். விழும்போது ஓர் உயிரைக் குறைக்கும் வரி இருந்தது. அதை அழித்தேன். மறுபடி கம்பைல் செய்து, கிடைத்த புதுக் கோப்பை விளையாட்டுக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் எத்தனை முறை விழுந்தாலும் 'டிங்' என்று எழுந்துவிடுவாள். மாரிக்கு ஒரே சிரிப்பு.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாலாம் நாள் போய்விட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். மழை. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். நான் படுத்திருந்தேன். மதியம் மூன்றே கால்.

மேலே, சாமான் போட்டுவைக்கும் மாளாவில்... தொப்.

கொஞ்சம் இடைவெளி.

டிங்.

இரும்பு ஏணியில் ஏறினேன். லேப்டாப் திறந்திருந்தது. அதை மூடி அங்கே வைத்தவன் நான்தான். சார்ஜரும் செருகவில்லை. திரையில் அந்தப் பெண் ஓடினாள். விழுந்தாள். எழுந்தாள். பட்டனை யாரும் தொடவில்லை.

விழுவதற்கும் எழுவதற்கும் நடுவே ஒரு சத்தம்... வாயால் இழுக்கும் மூச்சு. மாரியின் மூச்சு.

ஓடிவிடத்தான் நினைத்தேன். ஆனால் இவள் இப்படி விழுந்து விழுந்து எழுகிறாளே, இதற்கு முடிவே இல்லையா என்று இருந்தது. உட்கார்ந்தேன். அழித்த வரியைத் திரும்ப எழுதினேன். கம்பைல் செய்தேன். பிழை இல்லை. ஓட விட்டேன்.

தொப்... டிங்.

உயிர் குறையவில்லை.

சே! புதுக் கோப்பை விளையாட்டுக்குள் வைக்க மறந்திருந்தேன். வைத்தேன்.

தொப். இரண்டு.

தொப். ஒன்று.

மூன்றாவது பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். நிற்பதற்கு அந்த விளையாட்டில் வழியே இல்லை. என் பக்கம் திரும்பினாள்... திரும்புவதற்குப் படமும் இல்லை.

"போ, மாரி."

தொப்.

டிங் வரவில்லை. திரை அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமை காட்கோபரிலிருந்து கோமதியம்மாள் துக்கம் கேட்க வந்தார். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் தன் மகளோடு இருந்தவர். அம்மா டீ போட எழுந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்கிட்டதான் சொல்லணும் தம்பி. கடைசி நாளு அந்தப் புள்ளைக்கு நாலு தடவ மூச்சு நின்னுச்சு. நர்ஸு கைய விரிச்சிட்டா. நாலு தடவையும் தானா முழிச்சா. முழிச்சதும் ஒரே அழுக. 'வலிக்கு, என்னய எழுப்பாதன்னு சொல்லுங்க'ன்னா. யாரும்மா எழுப்புதான்னு கேட்டேன். கால்மாட்டக் காட்டி, 'எங்க அண்ணன்'னா."

அன்று முழுக்க நான் தாணேயில், ஆபீசில் இருந்தேன்.