காலி வீட்டுக்கு ஒரு குரல்

கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தமாச் சொல்ற சங்கதி இல்லை. கிணத்துக்கடவுப் பக்கம் வீடு, தோப்பு முடிச்சுக் கொடுக்கற புரோக்கர் நான். கதவைத் திறந்து காட்டறதுக்கு ரெண்டு பர்சன்ட்டான்னு கேட்காத ஆளில்லை. வீடு தேடி அலைஞ்ச நீங்களும் யாரையாவது கேட்டிருப்பீங்க.

ஊஞ்சல்

புருசன் தவறின பிறகு சரசம்மா தோப்பு வீட்டைப் பூட்டிப்போட்டு, பக்கத்துல ஓலை வேஞ்ச ஒரு சின்னச் சாளைல தனியா இருந்தாங்க. பல்லடத்து மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ஞ்சுபோச்சு. இவங்களோ, வீட்டுக்கு ஒரு ஆள் வராம, அவரை ஒத்தையில விட்டுப்போட்டு எப்படிப் போறதும்பாங்க. உடம்பு பாதியாயிருச்சு.

வித்துக் கொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு முதல் நாள் நான் போனப்போ, பூட்டின வீட்டுக்குள்ள ஊஞ்சல் ஆடற சத்தம். காலி வீடானாலும் வாசல்ல நின்னு குரல் கொடுத்துட்டுத்தான் நாங்க சாவி போடுவோம். வீடு பார்க்க வந்திருக்கோம், வரலாமுங்களான்னு கேட்டேன். சத்தம் அடங்குச்சு. சரசம்மா சாதாரணமாச் சொன்னாங்க: "நின்னுருச்சில்லீங்க, இனி உள்ள போங்க."

கெட்டிக்காரர்

கோயமுத்தூர்ல பம்ப் பட்டறை வெச்சிருக்கற சிவக்குமாருக்கு வீட்டைக் காட்டினேன். ரொம்பப் பிடிச்சுப்போச்சு. நான் குரல் கொடுத்ததுக்கு மட்டும் சிரிச்சார். கதவைத் திறக்க ரெண்டு பர்சன்ட்டான்னும் கேட்டார். மறுவாரம் எனக்குத் தெரியாம சரசம்மாகிட்ட நேராப் போய்ச் சாவி வாங்கி, பட்டப்பகல்ல தானே திறந்துட்டார். என்னைக் கழட்டிவிட்டா கமிஷன் மிச்சமில்லையா?

சாயங்காலம் என் வாசல்ல வந்து நின்னார். சட்டை நனைஞ்சிருக்கு, கால்ல செருப்பில்லை. தண்ணி குடிச்சுட்டு மெதுவாச் சொன்னார்: "ஊஞ்சல்ல ஒரு பெரியவருங்க. 'ஏனுங்க, புரோக்கர் வரலீங்களா'ன்னு கேட்டாருங்க."

டெம்போ

பயந்தாலும் அந்த வீட்டை விட அவருக்கு மனசில்லை. கமிஷனுக்குப் பேரமே பேசலை. நான் ஒன்னுதான் கேட்டேன்: கிரயம் முடிஞ்சதும் ஊஞ்சல் சரசம்மாவோட பல்லடம் போகணும்.

சாமான் ஏத்தற அன்னைக்கு வாசல்ல நின்னு, அம்மா கிளம்பறாங்க, வாங்கன்னு குரல் கொடுத்தேன். ஆடிட்டிருந்த ஊஞ்சல் நின்னுச்சு. சிவக்குமாரே பலகையைக் கழட்டித் தோள்ல தூக்கிட்டு வந்தார். ஒத்தைக் கையில எடுக்கற பலகைதான். அவருக்கு மூச்சு வாங்குது. டெம்போ முன்சீட்டுல இருந்து சரசம்மா எட்டிப் பார்த்தாங்க: "மெதுவா வைங்க கண்ணு, அவருக்கு இடுப்பு வலி."

கதவைத் திறக்க ரெண்டு பர்சன்ட்டான்னு கேட்ட அந்த மனுசன், ஊஞ்சலே இல்லாத தன் வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிப்போட்டு, இன்னைக்கும் ஒரு குரல் கொடுத்துட்டுத்தான் உள்ள போறாருங்க.